சாயம் போகுமா?

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் திருப்பூரில் எந்தக் கடையிலும் நிதானமாக நின்று ஒரு சாமான் வாங்க முடியாது. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளப் பட்டுவாடா முடிந்து, ஊரே சட்டைப்பையில் காசோடு தெருவுக்கு வந்துவிடும். புரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம், செல்போன் கடையில் நெரிசல், காதர்பேட்டைப் பக்கம் வண்டி நகராது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிந்து மீன் கடைக்குள் நுழைகிறது. தின்கிற மீன் இல்லை, பார்க்கிற மீன்.

கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கலாம். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடித் தொட்டிகள். ஏர் மோட்டாரின் ரீங்காரம் ஓயாது. வாசல் கம்பியில் தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் கவர்கள் வரிசையாகத் தொங்குகின்றன, கவருக்கு ஒரு ஃபைட்டர். கடைக்காரர் எனக்குப் பழக்கம். ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்துவிட்டு என்னை மறந்துவிடுவார். எனக்கும் அதுதான் வேண்டும்.

உள்ளே வருகிறவர்களைப் பார்த்தே என்ன வாங்குவார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். புதுசாகக் கல்யாணமான ஜோடி என்றால் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷும். பையன்கள் நாலு பேர் சேர்ந்து வந்தால் ஃபைட்டர். கழுத்தில் தடித்த செயினோடு, வண்டியை வாசலை அடைத்து நிறுத்திவிட்டு ஒருவர் வந்தால் ஃப்ளவர்ஹார்ன். அதன் நெற்றிப் புடைப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து மீன்கள் சிலவற்றை ஒன்றோடொன்று கலந்து 1990-களில் மலேசியாவில் உண்டாக்கிய இனம் அது. அதற்குச் சொந்த ஆறு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது.

அன்றைக்கு வந்தவர் டையிங்கில் வேலை பார்ப்பவர். அவர் சொல்லவில்லை, நகக்கண்கள் சொல்லின. பத்து விரலிலும் நேவி புளூ ஏறியிருந்தது. கூடவே ஆறேழு வயதுப் பெண் குழந்தை. நேராக நடுத் தொட்டி முன்னால் போய் நின்றுகொண்டது. அதற்குள் ரோஸ், பச்சை, ஊதா, மஞ்சள் என்று கட்டை விரல் நீளத்துக்கு மீன்கள்.

"அப்பா, அந்த ரோஸு."

"இரு அம்மிணி. ஏனுங்க, இது ஜோடி எவ்வளவுங்க?"

"அறுபதுங்ணா."

அவர் குனிந்து கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்து ஷேடு பார்க்கிறவரின் பார்வை. "இது பொறவிக் கலருங்களா, ஏத்துனதுங்களா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏத்துனதுதானுங்ணா."

"அப்பச் சாயம் போகுமுங்களே?"

"நாலஞ்சு மாசத்துல வெளுத்துருமுங்."

"ஃபிக்ஸிங் பண்ணலையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அந்த மீனுக்கு விடோ டெட்ரா என்று பெயர். தென் அமெரிக்கா சொந்த ஊர். வெள்ளி உடம்பில் கறுப்பு ஓடிய மீன் அது. அதிலிருந்து வெளிறிய ரகம் ஒன்றை இனப்பெருக்கத்தில் பிரித்தெடுத்து, அதன் மேல் சாயம் ஏற்றுகிறார்கள். இதற்கு முன்னோடி நம் நாட்டு மீன் ஒன்றுக்கு நடந்த கொடுமை. இந்திய நன்னீரில் கண்ணாடி போல உடம்பு இருக்கும் ஒரு சிறு மீன் உண்டு. முதுகெலும்பை வெளியிலிருந்தே எண்ணலாம். அதன் தோலுக்கடியில் ஊசி வைத்து மின்னும் சாயத்தை ஏற்றி ஐரோப்பாவரை விற்றார்கள். ஊசி பட்ட மீன்களில் பல நோய் கண்டு செத்தன. இங்கிலாந்தில் மீன் வளர்ப்போரின் பத்திரிகை ஒன்று 1990-களில் இதை எதிர்த்து இயக்கமே நடத்தியது. மரபணுவிலேயே நிறத்தைச் சேர்த்து உண்டாக்கிய ஒளிரும் மீன்கள் வேறு வகை. 2003 முதல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்த அவற்றின் நிறம் குஞ்சுக்கும் போகும், வெளுக்காது. கடையில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நீந்தும்போது எது எந்த வகை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்தது, தொழில் அப்படி.

கடைசியில் ஒரு ஜோடி கப்பி வாங்கினார். ஆண் கப்பியின் வால் தீப்பொறி மாதிரி இருந்ததில் குழந்தைக்கும் சமாதானம். கடைப்பையன் கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் பிடித்து, மீனை விட்டு, சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜனை அடித்து, வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு நீட்டினான். கண் சிமிட்டும் நேரம்தான். இந்தக் கை கண்டிப்பாக ஒரு காலத்தில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்திருக்கும்.

ஃபைட்டர் வாங்க வந்த பையன்கள் வேறு கணக்குப் போட்டார்கள். லைன் வீட்டில் நாலு பேர் ஒரு ரூம். கரண்டுக்கு யூனிட் இவ்வளவு என்று வீட்டு ஓனர் தனியாக வாங்குகிறார். மோட்டார் ஓடினால் மாசக் கடைசியில் பேச்சு வரும். ஃபைட்டருக்கு மோட்டார் வேண்டியதில்லை. அது மேலே வந்து காற்றை ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு அதற்கென்றே இருக்கிறது. நம் ஊர்க் குளத்துப் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி ஒரு பனையேறி மீனைப் பனைமரத்தின் மேலேயே கண்டதாக எழுதிவைத்தார். மரம் ஏறியதை நம்பாதவர்கள் உண்டு. ஈரத் தரையில் ஊர்ந்து குளம் விட்டுக் குளம் போவதைப் பார்த்தவர்கள் நம் கிராமங்களில் நிறைய.

காற்றைக் குடிக்கும் என்பதால் ஃபைட்டரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடலாம் என்று ஆகிவிட்டது. அதில் உயிரோடு இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது கழிக்கும் அம்மோனியா அந்தக் கால் லிட்டர் தண்ணீரிலேயே ஏறிக்கொண்டு போகும். கொஞ்சம் பெரிய தொட்டி, பாதித் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுவது, குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் வைத்து ஊற்றுவது. இவ்வளவுதான் அது கேட்பது. பையன்கள் கேட்டுக்கொண்டார்கள். பாட்டில்தான் வாங்கிப் போனார்கள்.

முதலாளிமார் மீன் வளர்ப்பது வேறு மாதிரி. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் வரவேற்பறையில் சாம்பிள் பீஸ்களுக்காகக் காத்திருந்தபோது பார்த்தது. ஆறடித் தொட்டி, ஈசானிய மூலை, உள்ளே ஒற்றை அரவானா. வாஸ்து மீன் என்று வாங்கி வைக்கிறார்கள். ஆசியாவின் சிவப்பு, பொன்நிற அரவானாக்கள் உலக ஒப்பந்தப்படி வியாபாரக் கட்டுப்பாட்டில் இருப்பவை. இங்கே பெரும்பாலும் இருப்பது அமேசான் ஆற்றின் வெள்ளி அரவானா. ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். தண்ணீருக்கு மேல் துள்ளி மரக்கிளையிலிருக்கும் பூச்சியைப் பிடிக்கிற சாதி, அதனால் தொட்டி மூடியின் மேல் ரெண்டு செங்கல் வைத்திருந்தார்கள். பளிங்குத் தரை, ஏ.சி., சோபா, அதற்கு நடுவே ரெண்டு செங்கல்.

முதலாளி உள்ளிருந்து போனில் பேசியபடி வந்தார். ஷிப்மெண்ட் தள்ளிப் போகிற விவகாரம் போலிருக்கிறது, குரல் ஏறிக்கொண்டே இருந்தது. தொட்டி பக்கத்தில் வந்ததும் நின்றார். அரவானா திரும்பி அவர் பக்கம் வந்தது. அவர் நாலு எட்டு நடந்தால் அதுவும் கூடவே நடந்தது. போனில் எதிர்முனை பேசிக்கொண்டிருக்க, இவர் கண்ணாடியில் விரலை வைத்து மேலும் கீழும் இழுத்தார். மீன் விரலைத் தொடர்ந்தது. பேச்சு முடிந்தபோது குரல் இறங்கியிருந்தது. வாஸ்துவில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்த மீன் அங்கே இருப்பதில் அவருக்கு ஒரு பலன் இருக்கிறது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே ஊரின் இன்னொரு கூட்டம் குளக்கரையில் இருக்கும். எந்தக் குளம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் குத்தகைக்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்துவிடுவார். நொய்யல் தண்ணீரில் நிரம்பும் பழைய பாசனக் குளங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் சீமைக்கருவேல், தண்ணீரில் ஆகாயத்தாமரை, அதற்கு நடுவே தூண்டில் போட ஓரிடம்.

இங்கே ராடும் ரீலும் கிடையாது. கட்டிங் மாஸ்டர் ஒருவர் தங்கூசி நரம்பைக் காலி நூல் கோனில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். கூம்பான பிளாஸ்டிக் கோன். அடியைத் தொடையில் ஊன்றிப் பிடித்தால் நரம்பு சிக்கில்லாமல் உருவி ஓடுகிறது. தக்கை, ரப்பர் செருப்பில் அறுத்த துண்டு. இரை, மைதா மாவில் மஞ்சள்தூள் சேர்த்துப் பிசைந்த உருண்டை. பிடித்த மீனைப் போடச் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிய பாலி பேக். ஊருக்கே உரிய சாமான்களால் ஒரு தூண்டில். மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ்.தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவது பற்றி மட்டுமே 1887-ல் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். மலை ஆற்றில் பெரிய கெண்டையோடு மல்லுக்கட்டுவதைப் பற்றி அவருடைய முந்தைய புத்தகம் பேசியது. மலைக்குப் போக முடியாதவர்களுக்கு இது. கட்டிங் மாஸ்டர் அந்தப் புத்தகத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவரும் அதே கட்சிதான். அமராவதி அணைக்கு பைக்கில் போய்வந்த கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீருக்குள் முதலை, கரையில் வனத்துறை. அனுமதியில்லாமல் தூண்டிலை எடுத்தாலே வழக்கு. "வறுத்த மீன் தின்னுட்டு வந்துட்டேனுங்" என்று முடித்தார்.

கொஞ்சம் தள்ளி ஒடிசாப் பையன்கள் மூன்று பேர். ஆற்று மீனின் ருசி தெரிந்தவர்கள். கடல் மீன் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். மூங்கில் கழியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பேசாமல், தக்கையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வாரம் பூராவும் ஓவர்லாக் மெஷினின் இரைச்சலுக்குள் இருப்பவர்களுக்கு அந்த அமைதியும் சேர்ந்துதான் மீன். தக்கை ஒருமுறை நடுங்கும். பிறகு சும்மா இருக்கும். பிறகு சாய்ந்து, சர்ரென்று கீழே இறங்கும். அந்த இடத்தில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

வந்தது ஜிலேபி. அடுத்ததும் ஜிலேபி. கட்டிங் மாஸ்டருக்கும் ஜிலேபி. காலை முழுக்க வேறு சாதி மீன் ஒன்றும் ஏறவில்லை.

புளிய மரத்தடியில் ஒரு பெரியவர் ஆட்டை மேயவிட்டுக் குந்தியிருந்தார். பாலி பேக்கை எட்டிப் பார்த்து, "இதைத்தான் புடிக்கோணும் இப்ப" என்றார். "நாங்க பொடிப் பசங்களா இருக்கறப்ப நொய்யல்ல மணல்ல கைய உட்டா ஆரல் வருமுங். அயிரை துண்டுல அரிப்போம். வெரால், கெண்டை, கெளுத்தி… எல்லாம் போச்சுங்."

அவர் சொன்னதன் பின்னால் இருக்கும் கணக்கு இது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, நேவி புளூ போன்ற அடர்ந்த நிறத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு அறுபது, எண்பது கிராம் வரை போடுவார்கள். கடல்நீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் முப்பத்தைந்து கிராம். சாயம் துணியில் ஒட்டும், உப்பு ஒட்டாது. போட்டது அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தைக்கூட வடிகட்டிவிடலாம், கரைந்த உப்பை எடுக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் கொதிகலனும் வேண்டும், அதற்குச் செலவு அதிகம். வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த ஓடையாகப் பிறக்கும் நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது இந்தத் தண்ணீரைத்தான் சுமந்துகொண்டு போனது. சென்னிமலைக்குப் பக்கத்தில் 1992-ல் விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமானது. கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே வராதபடி செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. பிறகு சுத்திகரிப்பைச் சரிசெய்து ஒவ்வொன்றாகத் திறந்தன.

அந்த உப்புக் காலத்தைத் தாண்டி வந்த மீன்தான் ஜிலேபி. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952-ல் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கினார்கள். ஏழைக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்பது நோக்கம். ஆற்றிலும் வாழும், கடல் உப்பிலும் வாழும், ஆக்ஸிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். "வாய்ல குஞ்சு இருக்கறப்ப தூண்டில் கடிக்காதுங்" என்றார் பெரியவர். அது உண்மைதான்; குஞ்சு வெளியே போகிறவரை தாய் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. ஆரலுக்கும் அயிரைக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. மணல் போனது, தண்ணீர் கெட்டது, அவை போய்விட்டன.

அதாவது வீட்டில் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற ஃபைட்டரும், குளத்தில் தூண்டிலுக்கு வருகிற ஜிலேபியும் ஒரே தகுதியில் நம்மிடம் வந்து சேர்ந்தவை. கெட்ட தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் அந்தத் தகுதி. மீன் மேல் இந்த ஊருக்குப் பிரியம் இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல தண்ணீர் கேட்கிற மீனை விரும்பும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே கிடைக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒடிசாப் பையன் ஒருவனின் நரம்பு அடிமண்ணில் எதிலோ இறுகியது. கல் என்று நினைத்து இழுத்தான். கல் நகர்ந்தது. கரைக்கு வந்தது ஓர் அடிக்கு மேல் நீளம், கறுப்பு, உடம்பெல்லாம் தகடு தகடாகக் கவசம், முன்துடுப்பில் முள். தலைக்கு அடியில் உறிஞ்சும் வாய். புல்லில் கிடந்து துள்ளவும் இல்லை, துடுப்பை விறைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அண்ணா, இது சாப்பிடலாமா?"

கட்டிங் மாஸ்டரின் மகன், நாலாவதோ அஞ்சாவதோ படிப்பவன், ஓடிவந்து பார்த்தான். "அப்பா, டேங்க் கிளீனர்! நம்மூட்ல இருந்துச்சே, அதே மாதிரி."

"சும்மா இருடா" என்றார் கட்டிங் மாஸ்டர். பிறகு கோனில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார். இன்னும் நேரமிருந்தும் சுற்றினார்.

தொட்டியில் படியும் பாசியைத் தின்னும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கிற தென் அமெரிக்கக் கெளுத்தி அது. ஒன்றரை அடிவரை வளரும். ரெண்டடித் தொட்டியில் அதற்கு இடமில்லை. கொல்ல மனம் வராமல் பையோடு கொண்டுபோய்க் குளத்தில் விடுகிறார்கள். அங்கே கவசத்தைத் தாண்டி அதைத் தின்ன எதற்கும் சுலபமில்லை. கரையைக் குடைந்து வளை போட்டு முட்டையிடும், கரை சரியும். மற்ற மீன்களின் முட்டையும் உணவும் அதற்கு உணவு. வலையில் மாட்டினால் முள் வலையைக் கிழிக்கும். சென்னை ஏரிகளிலும் கேரளத்துக் காயல்களிலும் ஆந்திரத்து மீன் குட்டைகளிலும் இது பெருகிவிட்டது. ஜிலேபியை அரசாங்கம் கொண்டுவந்தது. இதை நாம் ஆளுக்கொரு பையாகக் கொண்டுவந்து விடுகிறோம்.

ஊருக்கு வடக்கே நஞ்சராயன் குளம் இருக்கிறது. சாயக் கழிவையும் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு தாக்குப்பிடித்த குளம். 2022-ல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயமலைக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. கூழைக்கடாவும் நீர்க்காகமும் குளத்து மீனை நம்பித்தான் அங்கே இருக்கின்றன. கவசம் போட்ட கெளுத்தி தொண்டையில் சிக்கினால் பறவை செத்துப்போகும். புவேர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடாக்கள் அப்படிச் செத்திருக்கின்றன.

ஆகவே மீன் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், இது எவ்வளவு பெரிதாக வளரும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏற்றிய கலரா, பிறவிக் கலரா என்றும் கேளுங்கள். ஏற்றியது என்றால் வாங்காதீர்கள். வளர்க்க முடியாமல் போனால், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ வாங்கின கடையிலோ கொடுத்துவிடுங்கள். குளத்திலும் கிணற்றிலும் ஆற்றிலும் விடாதீர்கள். அதில் புண்ணியம் எதுவும் கிடையாது.